நெற்றியில் திருநீறு, காட்டில் வான்கோழி

இதை எழுதலாமா, விடலாமா என்று இரண்டு வருசம் இழுத்தடித்துவிட்டேன்.

பத்திரிகையின் இந்தப் பக்கத்தில் நான் எதைத்தான் எழுதவில்லை? பனியில் கார் புதைந்ததை எழுதினேன். மகளின் பிரெஞ்சு ரீச்சரிடம் பேச்சு வாங்கியதை எழுதினேன். மனிசி பிட்டு அவித்து நெருப்பு அலாரம் அடித்து, தெருவே வெளியில் வந்து நின்ற கதையை அவளிடம் கேட்காமலே எழுதிவிட்டு, ஒரு கிழமை கடையில் வாங்கின வெறும் பாண் சாப்பிட்டேன். ஆனால் இந்த ஒன்றை மட்டும்... பேனாவை எடுப்பேன், வைத்துவிடுவேன்.

பாதி வெட்கம். மற்றப் பாதி என்னவென்று வாசிக்க வாசிக்க உங்களுக்கே தெரியும்.

போன வெள்ளிக்கிழமை மொன்றியல் கோயிலில் நடந்ததுதான் என்னைப் பிடித்து இருத்தி எழுத வைத்தது. பூசை முடிந்து சோற்றுக்கு வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு தம்பி. முப்பது, முப்பத்தைந்து வயதிருக்கும். லாவாலில் இருந்து வருகிறவராம். சும்மா நின்ற நேரத்தில் கதை கொடுத்தார்.

"அண்ணை, கேள்விப்பட்டனீங்களே? எங்கட ஆள் ஒருத்தர் காட்டுக்கு வான்கோழி சுடப் போனவராம். ஒரு வெள்ளைக்காரன் அவரைக் கோழி எண்டு நினைச்சுச் சுட்டுப்போட்டானாம். குண்டு நேரா நெத்திக்கு வந்து, திருநீற்றில பட்டு வழுக்கிக்கொண்டு போட்டுதாம்!"

என் கையில் இருந்த தட்டுத்தான் வழுக்கியது.

"ஆர் தம்பி சொன்னது?"

"எல்லாரும் கதைக்கினம். ரொறன்ரோவிலயும் தெரியும். நானும் லைசென்ஸ் எடுத்திட்டன் அண்ணை. வாற வசந்தத்துக்குப் போறன். திருநீற்றை நல்லாக் குழைச்சுப் பூசிக்கொண்டு போனால் ஒண்டும் அணுகாது."

அந்த 'எங்கட ஆள்' நான்தான், வாசகர்களே.

தம்பியின் தோளைத் தொட்டுச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாயாச வாளி வந்தது, வரிசை உடைந்தது, ஆள் சனத்துக்குள் போய்விட்டார். பெயரும் கேட்கவில்லை, ஃபோன் நம்பரும் கேட்கவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. வசந்தம் வர இன்னும் எத்தனை மாதம்? அதற்குள் அந்தத் தம்பியின் கண்ணில் இது பட வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில், நான் ஏன் வேட்டைக்குப் போனேன்?

நான் எட்டாம் வகுப்புக்கு மேல் படியாதவன். ரொக்ஸ்பரோவில் வீடு. பதினேழு வருசமாக ஒரே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. செவ்வாய், வெள்ளியில் எங்கள் வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் வராது. இப்படி ஒரு ஆளுக்கு வான்கோழியோடு என்ன கோபம்?

எல்லாம் லூசியால் வந்தது. லூசி எங்கள் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவள். என்னைவிடப் பத்து வயது குறைவு, குரல் மட்டும் பத்து மடங்கு கூட. என் முழுப்பெயரைச் சொல்ல வெளிக்கிட்டு, பாதியில் மூச்சு வாங்கி, "சிவா" என்று நிறுத்திக்கொண்டவள். ஒரு நாள் மத்தியானம் என் மனிசி சமைத்த கோழிக்கறியில் ஒரு துண்டு கொடுத்தேன். தின்றாள். விரலைச் சூப்பினாள்.

"சிவா, கடைக் கோழியே இப்படி எண்டால், காட்டு வான்கோழி உன்ர வீட்டுக் கறிக்குள்ள எப்படி இருக்கும்? இந்த மாகாணத்தில இப்பத்தான் அதுக்கு அனுமதி வந்திருக்கு. வா, நான் பழக்கிறன்."

வீட்டில் வந்து சொன்னேன். மனிசி சறோ வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி ஓடி வந்தனீங்கள். இப்ப துவக்கு வேணும் எண்டு வகுப்புக்குப் போறியளோ?"

"முருகனே வேடர் வீட்டில பெண் எடுத்தவர்தானே..."

"அவர் வள்ளியைப் பாக்கப் போனவர். நீங்கள் ஆரைப் பாக்கப் போறியள்? லூசியையோ?"

ஆனாலும் போனேன். சறோவிடம் சொல்லாத காரணத்தை உங்களிடம் சொல்கிறேன். என் வாழ்க்கையில் துவக்கின் குழல் எப்போதும் என்னைப் பார்த்துத்தான் நின்றிருக்கிறது. ஒரு தடவையாவது அதன் பின்பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசை.

துவக்கு வகுப்பு, வேட்டை வகுப்பு, பிறகு வான்கோழிக்கென்று தனியாக ஒரு நாள் வகுப்பு. எல்லாம் பிரெஞ்சில். தலைமயிர் நரைத்த வயதில் பள்ளிப் பிள்ளை மாதிரி வாங்கில் குந்தியிருந்து சோதனை எழுதினேன். பாஸ்! பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

வான்கோழி வகுப்பில் சொன்னது இன்றைக்கும் மனப்பாடம். வசந்தத்தில் நெஞ்சில் தாடி மாதிரி மயிர்க்கற்றை தொங்குகிற கோழியைத்தான் சுடலாம். மத்தியானத்தோடு துவக்கை இறக்கிவிட வேண்டும். பெட்டைக் கோழியின் சத்தம் கேட்டால் அதைத் தேடிப் பதுங்கிப் போகக்கூடாது. ஏனென்றால் அந்தச் சத்தம் இன்னொரு வேட்டைக்காரன் மரப்பெட்டியை உரசி எழுப்பிய சத்தமாக இருக்கலாம். முக்கியமாக — சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் இருக்கவே கூடாது. சேவலின் தலை அந்த மூன்று நிறந்தான். மோகம் ஏறினால் உச்சந்தலை பால் வெள்ளையாகிவிடுமாம்.

நான் கொப்பியில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்: உடுப்பில் சிவப்பு, வெள்ளை, நீலம் கூடாது.

'உடுப்பில்' என்று ரீச்சர் சொல்லவில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன். பிழை அங்கேதான் தொடங்கியது.

பிறகு பயிற்சி. ஒரு சின்ன மரப்பெட்டி. மூடியை இழுத்து உரசினால் பெட்டைக் கோழி கூப்பிடுகிற மாதிரிக் கேட்கும். பின்னேரங்களில் நிலவறையில் இருந்து உரசுவேன். மேலே இருந்து சறோ கத்துவாள்: "அந்தக் கதவுக்கு எண்ணெய் விடுங்கோ எண்டு எத்தினை நாளாச் சொல்லுறன்!" மூன்றாம் கிழமை ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு நாய் மட்டும் குரைத்தது. சரி, கோழிச் சத்தம் வந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டேன்.

மே மாதத்து ஞாயிறு. விடியப்புறம் எழும்பித் தலைக்கு வார்த்தேன். விளக்கு வைத்தேன். முதல் வேட்டை அல்லவா? திருநீற்றைத் தண்ணீரில் குழைத்து மூன்று குறி இழுத்தேன். நடுவில் சந்தனம், அதற்கு மேல் குங்குமம். என் படத்தை இந்தப் பக்கத்தின் மூலையில் பார்க்கிறீர்கள்தானே? என் நெற்றி இப்போது உச்சந்தலை வரைக்கும் போய்விட்டது. ஆகவே திருநீறும் தாராளம்.

லூசி லொங்குய்யில் இருப்பவள். அவள் வீட்டு வாசலில் என் காரை விட்டு அவளுடைய ட்ரக்கில் ஏறினேன். கதவைத் திறந்ததும் உள் லைட் பத்தியது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோப்பிக் கப்பை வைத்தாள்.

"சிவா, அதைத் துடை."

"ஏலாது."

"வகுப்பில என்ன சொன்னவை?"

"அது உடுப்புக்கு. இது உடுப்பில்லை."

"கோழி உடுப்பே போட்டிருக்கு? காட்டில எல்லாரும் தேடுறது ஒரு தலையை. சிவப்பும் வெள்ளையுமா ஒரு தலை!"

அவளுக்கு எப்படி விளங்கப்படுத்துவேன்?

இளவட்டத்தில் கொழும்பில் ஒரு கடையில் நின்றவன் நான். ஒரு நாள் தெருவில் தமிழரைத் தேடி எரிக்கவும் அடிக்கவும் தொடங்கினார்கள். நான் பஸ்ஸுக்குள். முன்னால் பஸ்ஸை மறித்து ஆட்களை இறக்குகிறார்கள். சட்டைப்பையில் இருந்த லேஞ்சியை எச்சிலில் நனைத்து நெற்றியைத் துடைத்தேன். பக்கத்துச் சீட்டில் ஒரு அம்மா தன் பொட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தா. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தப்பினோம். ஆனால் அன்றைக்கு இரவு நான் அழுத அழுகை... "முருகா, இனி எவனுக்குப் பயந்தும் இதை அழிக்க மாட்டன்" என்று சொன்னேன். அழிக்கவும் இல்லை. இங்கே வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஃபோர்மன் ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும் என்று நின்றேன்.

லூசி பெருமூச்சு விட்டாள். பிடிவாதக்காரருடன் வேலை செய்து பழகியவள்.

"சரி. தொப்பியைக் கீழ இழு. முகவலையை மூக்குக்கு மேல போடு. மத்தியானம் வரைக்கும் கழட்டப்படாது. சத்தியம்?"

"சத்தியம்."

அமெரிக்க எல்லைக்குக் கிட்ட, அப்பிள் தோட்டத்துக்குப் பின்னால் மேப்பிள் காடு. லூசியின் சொந்தக்காரரின் காணி. என்னை ஒரு பெரிய மரத்தில் முதுகு சாய்த்து இருத்தினாள். "மரம் உன்ர தோளைவிட அகலமா இருக்கோணும். பின்னால வாறவனுக்கு நீ தெரியக்கூடாது." தான் ஐம்பது அடி தள்ளி, மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் இருந்தாள்.

மெல்ல வெளிச்சம் வருகிறது. பெட்டியை உரசினேன். க்யோக்... க்யோக்... க்யோக்.

தூரத்தில் இருந்து பதில்! களகளகளக் என்று, யாரோ சாக்கில் இருந்து தேங்காயைக் கொட்டின மாதிரி. உடம்பெல்லாம் சிலிர்த்தது. எட்டாம் வகுப்புக்காரன் கூப்பிட, காடு பதில் சொல்கிறது! இன்னும் உரசினேன். இன்னும் கிட்ட வந்தது. பிறகு... நின்றுவிட்டது.

அந்த நேரம்தான் சூரியன் வந்தது.

என் முதுகுப் பக்கம், மரங்களுக்கிடையால், செவ்விளநிச் சிவப்பாக. மொன்றியலில் இத்தனை வருசமும் ஒரு காலை நான் தவறவிட்டதில்லை. பஸ் தரிப்பில் நின்றாலும் சரி, பனி மூக்கை அறுத்தாலும் சரி, சூரியனைக் கண்டால் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. கை தானாகப் போனது. துவக்கை மரத்தில் சாத்தினேன். முழங்காலில் நின்று, மரத்தைச் சுற்றி மற்றப் பக்கம் திரும்பினேன். தொப்பியைக் கழற்றினேன். முகவலையையும் இறக்கினேன். முகத்தை மூடிக்கொண்டா கும்பிடுவது?

கண்ணை மூடி, கையைத் தலைக்கு மேல் கூப்பினேன்.

ஒரு சுள்ளி முறிந்தது.

கண்ணைத் திறந்தேன். முப்பத்தைந்து அடிக்கு அங்கால், இரண்டு மேப்பிள் மரத்துக்கிடையில், ஒரு ஆள் ஒற்றைக் காலை மடித்து இருக்கிறார். இலை நிற உடுப்பு. கன்னத்தில் துவக்கு. குழல் என் முகத்தை நேரே பார்க்கிறது.

நினைத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் துவக்கைக் கண்டால் என்ன செய்வோம்? கையைத் தூக்குவோம், வாயை மூடுவோம். அப்படித்தான் பழகி வளர்ந்தோம். என் கை ஏற்கனவே மேலே. வாய் பசை போட்டு ஒட்டினது மாதிரி.

ஆனால் வகுப்பில் சொன்னது நேர் எதிர்! காட்டில் இன்னொரு வேட்டைக்காரன் உன்னைக் குறி வைத்தால் கையை அசைக்காதே. அசைகிற எதுவும் கோழிதான். வாயைத் திற. பலமாகப் பேசு. கோழி பேசாது.

பிரெஞ்சு எங்கே? மறந்து போச்சு. இங்கிலிஷ்? அதுவும் இல்லை. அடிவயிற்றில் இருந்து ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"முருகாஆஆ!"

குழல் கீழே போனது. அந்த ஆள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

லூசி மேட்டால் ஓடி வந்தாள். உங்களுக்குத் தெரியும், இந்த மாகாணத்து ஆட்கள் கோபம் வந்தால் தங்கள் தேவாலயத்துச் சாமான்களின் பெயரைச் சொல்லித்தான் திட்டுவார்கள். பீடம், கிண்ணம், அப்பம் — ஒன்றையும் அவள் மிச்சம் விடவில்லை. பயத்தில் நான் சாமியைக் கூப்பிட்டேன். கோபத்தில் அவள் சாமியின் தளபாடங்களைக் கூப்பிட்டாள். ஏன் சத்தத்தைத் தேடிப் பதுங்கி வந்தாய் என்று கேட்டாள். காணியின் எல்லைக் கல்லைத் தாண்டினது தெரியாதா என்று கேட்டாள்.

அந்த மனுசனுக்கு என் வயது இருக்கும். அவரும் அந்த வருசம்தான் பழகத் தொடங்கியவராம். அவரால் துவக்கில் இருந்து தோட்டாவைக்கூட எடுக்க முடியவில்லை. லூசிதான் வாங்கி எடுத்தாள்.

"வெள்ளையா ஒரு தலையைக் கண்டன்... சிவப்பும் இருந்தது... விரல் விசைக்குப் போயிட்டுது..." திரும்பத் திரும்ப இதைத்தான் சொன்னார். தன் சுட்டுவிரலை மற்றக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். அது தன்னுடைய விரல் இல்லை என்கிற மாதிரி.

லாவால் தம்பி, அந்த விரலை நான் மறக்கவே மாட்டேன். நான் செத்திருந்தால் எனக்கு ஒரு நிமிசம். அந்த மனுசனுக்கு? சாகும் மட்டும் அந்த விரலோடு அல்லவா இருக்க வேண்டும்? கோப்பி குடிக்கிற கை. பேரப்பிள்ளையைத் தூக்குகிற கை.

லூசி பையில் இருந்து ஈரக் கடதாசி ஒன்றை எடுத்தாள். நீட்டவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அப்போதுதான் அவளிடம் கொழும்பு பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். கேட்டுவிட்டு, மெல்லமாகக் கேட்டாள். அவளுக்கு மெல்லமாகவும் பேசத் தெரியும் என்று அன்றுதான் கண்டேன்.

"அண்டைக்கு ஆர் துடைக்கச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பயம்."

"இண்டைக்குப் பயமில்லையோ?"

இருந்தது. ஆனாலும் அந்தக் கடதாசியை நானே வாங்கினேன். அந்த மனுசனைப் பார்த்துக்கொண்டே நெற்றியைத் துடைத்தேன். அவர் விரலைப் பொத்தியபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எச்சில் லேஞ்சியால் துடைத்த அன்று நெஞ்சு எரிந்தது. காட்டில் எரியவில்லை. சொல்லப்போனால், பூசின நேரத்தைவிடத் துடைத்த நேரத்தில்தான் சாமி கிட்ட நின்ற மாதிரி இருந்தது.

நான் எழுதக் கூசிய மற்றப் பாதி இதுதான். 'திருநீற்றை அழிச்சவன்' என்று நீங்கள் சொல்லிவிடுவீர்களோ என்ற பயம்.

வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்த சறோ என் வெறும் நெற்றியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். கலியாணம் கட்டி இருபத்தொரு வருசத்தில் அவள் கண்டிராத நெற்றி.

"என்னப்பா... ஆருக்கு என்ன நடந்தது?"

சொன்னேன். ஒன்றும் விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள். கண் துடைத்த அடையாளம் இருந்தது. வேட்டையை விடுங்கோ என்று சொல்லியிருந்தால் அன்றோடு விட்டிருப்பேன். என் மனிசி அப்படிச் சொல்கிற ஆள் இல்லை.

"வாற ஞாயிறும் போறியளோ?"

"போகத்தான் நினைக்கிறன்."

"அப்ப நெஞ்சில பூசுங்கோ. சட்டைக்குள்ள. முருகனுக்குச் சட்டை மறைக்குமோ?"

இருபத்தொரு வருசமாக நான் எழுதுகிறேன், அவள் சமைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், பாருங்கள்.

அடுத்த ஞாயிறு போனேன். நெஞ்சில் மூன்று குறி, தலையில் தொப்பி, முகத்தில் வலை. சூரியன் வந்தது. இருந்த இடத்தில் இருந்தபடி, கை அசையாமல், மனத்துக்குள் கும்பிட்டேன். அதற்கும் வெளிச்சம் குறையவில்லை. எட்டு மணி போல வாலை விரித்துக்கொண்டு வந்தது ஒரு சேவல். தாடி ஒரு சாண் இருக்கும். தாடியை இரண்டு தரம் பார்த்தேன். பின்னால் ஆள் இல்லையா என்று மூன்று தரம் பார்த்தேன். பிறகுதான் விசையைத் தொட்டேன். ஒரே வெடி. கிட்டப் போய், அதன் முதுகில் கை வைத்துச் 'சிவ சிவா' என்று சொன்னேன். லூசி தன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

இறைச்சி இரண்டு மணித்தியாலம் அவிந்தும் ரப்பர்தான். ஆனால் குழம்பு? அதைச் சொல்ல இந்தப் பக்கம் காணாது. சறோ சொல்லித்தான் லூசி அந்த மனுசனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் மேசையில் இருந்து இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். கண்ணால் தண்ணி ஓடியது. உறைப்பா, மற்றதா... நான் கேட்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். குண்டு வரவில்லை. ஆகவே அது ஒன்றிலும் பட்டு வழுக்கவும் இல்லை. ஒரு மனுசன் கத்தினான், இன்னொரு மனுசன் கேட்டு விரலை எடுத்தான். என்னைக் கேட்டால் அதுவே முருகன் செயல். அதற்கு மேல் ஒரு அற்புதம் எனக்குத் தேவையில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். லாவாலில், ரொறன்ரோவில், கோயில் வரிசையில், கலியாண மண்டபத்தில் இந்தக் கதை திரும்ப வரும். வந்தால், இங்கே எழுதியிருக்கிறபடியே சொல்லுங்கள். ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் துடைத்ததையும் மறைக்க வேண்டாம். நீங்கள் மெருகுக்குச் சேர்க்கிற ஒரு சொல்லை நம்பி ஒரு பிள்ளை காட்டுக்குள் போய்விடும்.

லாவால் தம்பி, இது உமக்கு: முருகனுக்கு நீர் ஆரெண்டு தெரியும். துவக்கோடு நிற்கிறவனுக்குத்தான் தெரியாது.